ஒரு மாநிலம், 2 இருக்கைகள், இரண்டாவது சுற்று: அமெரிக்க செனட்டின் கணக்கையே ஜார்ஜியா மாற்றியது எப்படி?

2020 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்தது. ஜோ பைடன் ஜெயித்தார். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் யார் கையில்?

மொத்தம் 100 இருக்கைகள். குடியரசுக் கட்சி 50-ஐ உறுதி செய்துவிட்டது. ஜனநாயகக் கட்சி பக்கம் 48. மிச்சம் இருந்தது 2. அந்த இரண்டுமே ஒரே மாநிலத்தில் இருந்தன: ஜார்ஜியா.

ஜோசப் ஸ்டாலின் பிறந்த ஜார்ஜியா நாடு வேறு. இது அட்லாண்டாவைத் தலைநகராகக் கொண்ட அமெரிக்க மாநிலம். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த மண். கோகோ கோலாவுக்கும் இதுதான் சொந்த ஊர்.

இந்த ஒரு மாநிலத்தின் வாக்காளர்கள் 2021 ஜனவரி 5 அன்று மறுபடியும் வரிசையில் நின்றார்கள். அவர்கள் கையில் இருந்தது வெறும் 2 இருக்கைகள்தான். ஆனால் புதிய அதிபரின் முதல் 2 ஆண்டுகள் எப்படிப் போகும் என்பது அதில்தான் அடங்கியிருந்தது. ஏன் அப்படி? நவம்பரில் முடிந்திருக்க வேண்டிய தேர்தல் ஜனவரி வரை இழுத்தது ஏன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, செனட்னா என்ன?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 2 அவைகள். கீழவை, நம்ம மக்களவை மாதிரி. மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு இடங்கள் பிரித்துக் கொடுக்கப்படும். மேலவைதான் செனட். அங்கே கணக்கே வேறு. மாநிலம் பெரிசோ சின்னதோ, ஆளுக்கு 2 இடம். 50 மாநிலங்கள், 100 செனட்டர்கள்.

நம் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடம், சிக்கிமுக்கு 1 இடம். அமெரிக்காவில் இந்த வித்தியாசமே கிடையாது. சுமார் 4 கோடி பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 2 செனட்டர்கள்தான். 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் 2 செனட்டர்கள்தான்.

1787-ல் அரசியல் சாசனம் எழுதப்பட்டபோது சின்ன மாநிலங்களைச் சமாதானப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. சம்பந்தப்பட்ட மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் இந்தச் சம உரிமையைப் பறிக்க முடியாது என்று சாசனத்திலேயே பூட்டும் போட்டுவிட்டார்கள்.

செனட்டரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். 2 ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் நடக்கும். அதனால் செனட் ஒட்டுமொத்தமாகக் கலைவதே இல்லை.

அதிகாரம்? நிறையவே இருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள், அமைச்சர்கள், தூதர்கள் என அதிபர் யாரை நியமித்தாலும் செனட் ஒப்புதல் தர வேண்டும். வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதிபர் மீதான பதவி நீக்க விசாரணையும் அங்கேதான் நடக்கும். 'பேருக்கு ஒரு மேலவை' என்று ஒதுக்கிவிட முடியாத சபை.

எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்களா?

நம் மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் முதலில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. மாநில சட்டமன்றங்கள்தான் செனட்டர்களை அனுப்பின.

அதில் 2 பிரச்சினைகள் வந்தன. ஒன்று, பணம். சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரை வளைத்தாலே செனட்டர் ஆகிவிடலாம். இல்லினாய்ஸின் வில்லியம் லோரிமர், ஊழல் வழிகளில் தேர்வானார் என்று சொல்லி 1912-ல் செனட் சபையே அவர் தேர்வைச் செல்லாது என அறிவித்தது. இரண்டு, முட்டுக்கட்டை. சட்டமன்றத்தில் ஒத்துப்போகாமல் சண்டை நீண்டதால், 1901 முதல் 1903 வரை டெலவேர் மாநிலத்துக்குச் செனட்டில் ஒரு பிரதிநிதிகூட இல்லை.

இதற்கெல்லாம் முடிவு கட்டியது 1913-ல் வந்த 17-வது சட்டத்திருத்தம். அன்று முதல் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாநிலம் முழுக்க ஒரே தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இடம் காலியானால் மாநில ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்க, சட்டமன்றம் அவருக்கு அனுமதி தரலாம். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சர் மாதிரி. இந்த இடைக்கால நியமனம்தான் நம் கதையில் முக்கியம்.

ஒரே மாநிலத்தில் ஒரே நாளில் 2 செனட் தேர்தலா?

வழக்கமாக அப்படி வராது. ஒரு மாநிலத்தின் 2 இருக்கைகளும் வேறு வேறு ஆண்டுகளில்தான் தேர்தலைச் சந்திக்கும். ஜார்ஜியாவில் அன்று இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல்.

முதல் இருக்கை, டேவிட் பெர்டியூவுடையது. குடியரசுக் கட்சிக்காரர். 6 ஆண்டு முடிந்து வழக்கமான தேர்தல். எதிர்த்து நின்றவர் ஜான் ஆஸாஃப். வயது 33. ஆவணப்படத் தயாரிப்பாளர். அதற்கு முன் கீழவைக்கு நடந்த ஓர் இடைத்தேர்தலில் நின்று தோற்றவர்.

இரண்டாவது இருக்கை, ஜானி ஐசாக்சனுடையது. உடல்நலக் குறைவால் 2019 இறுதியில் அவர் பதவி விலகினார். ஆளுநர் பிரையன் கெம்ப் அந்த இடத்துக்குத் தொழிலதிபர் கெல்லி லெஃப்லரை நியமித்தார். எஞ்சிய காலத்துக்குச் சிறப்புத் தேர்தல் வந்தது. களத்தில் 20 வேட்பாளர்கள், எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில்.

அந்த 20 பேரில் ஒருவர் ரஃபேல் வார்னாக். அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் தலைமைப் போதகர். மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கம் செய்த அதே மேடையில் 2005 முதல் நிற்பவர்.

49.7% வாங்கியும் ஜெயிக்கலையா?

நவம்பர் 3-ம் தேதி முடிவுகளைப் பாருங்கள். பெர்டியூவுக்கு 49.7%. ஆஸாஃபுக்கு 47.9%. சுதந்திரவாதக் கட்சி வேட்பாளருக்கு 2.3%. நம்மூர் கணக்கில் பெர்டியூ ஜெயித்துவிட்டார். மாலை, பட்டாசு எல்லாம் முடிந்திருக்கும்.

ஜார்ஜியாவில் அது போதாது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டாவது கூடுதலாக வாங்கியாக வேண்டும். யாருமே 50%-ஐத் தாண்டாவிட்டால், முதல் 2 இடங்களில் வந்தவர்களுக்கு இடையே இன்னொரு தேர்தல். அதற்குப் பெயர் 'ரன்-ஆஃப்'. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்த விதி கிடையாது. அங்கே அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றியாளர், அவ்ளோதான்.

பெர்டியூவுக்குக் குறைந்தது 14 ஆயிரத்துக்கும் கீழான ஓட்டுகள். மூன்றாவதாக வந்த வேட்பாளர் வாங்கியது சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம். டெபாசிட் இழக்கும் வேட்பாளர் என்று நாம் சாதாரணமாகக் கடந்துபோகும் ஒருவர், நாட்டின் தலையெழுத்தை 9 வாரம் தள்ளிப்போட்டார்.

இன்னொரு இருக்கையில் வார்னாக் 32.9% வாங்கி முதலிடம். குடியரசுக் கட்சி ஓட்டுகள் லெஃப்லருக்கும் டக் காலின்ஸுக்கும் இடையே பிரிந்தன. லெஃப்லர் 25.9% பெற்று இரண்டாமிடம். இங்கேயும் ரன்-ஆஃப்.

இந்த விதியை யார் கொண்டுவந்தது? எதுக்கு?

'பாதிப் பேருக்கு மேல் ஆதரித்தவர்தான் ஜெயிக்க வேண்டும்' என்று கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். விதியை ஆதரிப்பவர்களின் வாதமும் அதுதான். ஆனால் அது பிறந்த கதை அவ்வளவு அழகானதல்ல.

20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜார்ஜியாவில் 'கவுண்டி யூனிட்' என்றொரு முறை இருந்தது. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. மாநிலத்தில் 159 கவுண்டிகள். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் பெரிய கவுண்டிகளுக்குத் தலா 6 புள்ளி, நடுத்தரத்துக்கு 4, சின்னதுக்கு 2. அட்லாண்டா நகரம் அடங்கிய ஃபுல்டன் கவுண்டியில் லட்சக்கணக்கான பேர். ஆனால் சில ஆயிரம் பேர் வசிக்கும் 3 குட்டிக் கவுண்டிகள் சேர்ந்தாலே அதற்குச் சமம். நகரத்து ஓட்டுக்கு, குறிப்பாகக் கறுப்பின மக்களின் ஓட்டுக்கு, மதிப்பே இல்லாமல் போனது.

1963-ல் 'கிரே எதிர் சாண்டர்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையை ரத்து செய்தது. 'ஒரு நபர், ஒரு வாக்கு' என்ற கோட்பாடு அமெரிக்கச் சட்டத்தில் வேரூன்றிய தீர்ப்பு அது.

பழைய பூட்டு உடைந்ததும் புதுப் பூட்டு தேடினார்கள். டென்மார்க் க்ரூவர் என்ற சட்டமன்ற உறுப்பினர் பெரும்பான்மை விதியை முன்வைத்தார். வெள்ளையர் ஓட்டு பல வேட்பாளர்களிடையே பிரிந்து, கறுப்பின மக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒருவருக்குப் போட்டால், அவர் முதலிடம் வந்துவிடலாம் என்ற பயம் அன்று இருந்தது. இரண்டாவது சுற்று வைத்தால் பிரிந்தவர்கள் ஒன்றுசேரலாம். 1964-ல் இது சட்டமானது. தான் இனப் பாகுபாட்டை ஆதரித்தவன்தான் என்று க்ரூவரே பின்னாளில் வழக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். இருந்தும், சட்டத்தை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

விதி ஒன்று, வசதிக்கேற்ப மாற்றம் பல

அடுத்து நடந்ததை எந்த ஊர் அரசியல் ரசிகரும் உடனே புரிந்துகொள்வார்.

1992: ஜனநாயகக் கட்சியின் வைச் ஃபௌலர் முதல் சுற்றில் 49% தாண்டி முன்னிலை. பாதி எட்டவில்லை. ரன்-ஆஃப்பில் குடியரசுக் கட்சியிடம் தோற்றார்.

1994: மாநிலத்தில் ஆட்சியில் இருந்த ஜனநாயகக் கட்சி உடனே விதியைத் திருத்தியது. 50% வேண்டாம், 45% போதும்.

1996: அந்தக் கட்சியின் மேக்ஸ் கிளெலண்ட் 48.9% வாங்கினார். ரன்-ஆஃப் இல்லாமலே செனட்டர் ஆனார்.

2005: இப்போது ஆட்சி குடியரசுக் கட்சியிடம். விதி மறுபடியும் 50% ஆனது.

2008: குடியரசுக் கட்சியின் சாக்ஸ்பி சாம்ப்ளிஸ் 49.8% வாங்கி ரன்-ஆஃப்புக்குத் தள்ளப்பட்டார். ஆனால் அங்கே 57% வாங்கி ஜெயித்தார். காரணம், முதல் சுற்றில் வாக்களித்த 37 லட்சம் பேரில் இரண்டாவது சுற்றுக்கு வந்தது சுமார் 21 லட்சம் பேர் மட்டுமே.

அப்போதிருந்து எல்லோரும் படித்த பாடம் ஒன்றுதான். ரன்-ஆஃப் என்றால் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். 2020 நவம்பரில் குடியரசுக் கட்சி தைரியமாக இருந்ததற்கு இதுதான் அடிப்படை.

9 வாரம், 80 கோடி டாலர்

பணம் கொட்டியது. 2 இருக்கைகளுக்கும் சேர்த்து இரு தரப்பும் செலவழித்தது 80 கோடி டாலருக்கும் மேல். ஆஸாஃப், வார்னாக் இருவரும் 2 மாதத்தில் தலா 10 கோடி டாலருக்கு மேல் நன்கொடை திரட்டினார்கள். கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்கள்கூட மொபைலில் 10 டாலர், 20 டாலர் எனத் தட்டிவிட்டார்கள். ஓட்டு மட்டும்தான் ஜார்ஜியாவுடையது. அக்கறை நாடு முழுவதுக்கும்.

பிரசாரத்தில் சுவாரஸ்யங்களுக்குக் குறைவில்லை. 'எதிர்த்தரப்பு என் மேல் சேறு வாரி இறைக்கப்போகிறது, எனக்கு நாய்க்குட்டி பிடிக்காது என்றுகூடச் சொல்வார்கள்' என்ற தொனியில் வார்னாக் முன்கூட்டியே விளம்பரம் போட்டார். பிறகு ஒரு பீகிள் நாயோடு நடந்துவரும் விளம்பரமும் வந்தது. ஆஸாஃபுடனான தொலைக்காட்சி விவாதத்துக்குப் பெர்டியூ வரவில்லை. காலி மேடையைப் பார்த்தபடியே ஆஸாஃப் பேசினார்.

முதல் சுற்றுக்கு முன்பே நடந்த ஒரு சம்பவம் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அக்டோபரில் மேக்கன் நகரக் கூட்டத்தில் பெர்டியூ, கமலா ஹாரிஸின் பெயரை 'கமலா-மலா-மலா, என்னமோ' என்கிற மாதிரி இழுத்துக் கேலி செய்தார். தவறாக உச்சரித்துவிட்டார், அவ்வளவுதான் என்று அவர் தரப்பு சொன்னது. ஆனால் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்கள் பலர் சமூக வலைதளங்களில் தங்கள் பெயரையும் அதன் பொருளையும் பதிவிட ஆரம்பித்தார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் பெயரைக் குத்துயிராக்கிக் கேட்ட அனுபவம் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது. ஆஸாஃபுக்கு நன்கொடையும் குவிந்தது. கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் சென்னைக்காரர். தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம்.

'எனக்கு 11,780 ஓட்டு வேண்டும்'

இதற்கு நடுவே இன்னொரு நாடகம். அதிபர் தேர்தலில் பைடன் ஜார்ஜியாவை ஜெயித்தது 11,779 ஓட்டு வித்தியாசத்தில். மாநிலம் அந்த ஓட்டுகளை மொத்தம் 3 முறை எண்ணியது, ஒருமுறை கையாலேயே. முடிவு மாறவில்லை.

ஆனால் டொனால்ட் ட்ரம்ப் ஏற்கவில்லை. ஜனவரி 2 அன்று மாநிலத்தின் தேர்தல் பொறுப்பாளரான பிராட் ராஃபென்ஸ்பெர்கருக்குப் போன் செய்து, 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். ராஃபென்ஸ்பெர்கரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். மறுத்தார். அந்த உரையாடலின் பதிவு மறுநாளே வெளியானது.

சிக்கல் எங்கே என்றால், ஒரே வாயால் இரண்டு சேதி. 'உங்கள் ஓட்டு திருடப்படுகிறது' என்றும் சொல்ல வேண்டும், 'தவறாமல் வந்து ஓட்டுப் போடுங்கள்' என்றும் சொல்ல வேண்டும். கேட்கிறவர் எதை நம்புவார்?

இன்னொன்று காசு. கொரோனா நிவாரணமாக டிசம்பரில் தலைக்கு 600 டாலர் அறிவிக்கப்பட்டது. 2,000 டாலர் வேண்டும் என்றது ஜனநாயகக் கட்சி. ட்ரம்பும் அதையே கேட்டார். பெர்டியூ, லெஃப்லர்கூடக் கடைசி வாரத்தில் ஆதரித்தார்கள். ஆனால் செனட்டில் அப்போது பெரும்பான்மைத் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் தனி வாக்கெடுப்புக்கு விடவில்லை. வேலை போய், வாடகை கட்ட முடியாமல் தவித்த குடும்பத்துக்கு இது சித்தாந்தச் சண்டை அல்ல. செனட் பெரும்பான்மை என்றால் என்ன என்பதை ஒரு செக் வழியாக அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

யார் வரிசையில் நின்றார்கள்?

வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே 30 லட்சம் பேருக்கு மேல் தபாலிலும் நேரிலும் முன்கூட்டி வாக்களித்துவிட்டார்கள். மொத்தம் பதிவானது சுமார் 44.8 லட்சம். நவம்பரில் 50 லட்சம். ரன்-ஆஃப் ஒன்றுக்கு இது அசாதாரணமான எண்ணிக்கை.

இது 9 வாரத்தில் நடந்த அதிசயம் இல்லை. 2018 ஆளுநர் தேர்தலில் சுமார் 55 ஆயிரம் ஓட்டில் தோற்ற ஸ்டேசி ஏப்ரம்ஸும், அவரைப் போன்ற பல உள்ளூர் அமைப்பாளர்களும் ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகப் போய் வாக்காளர்களைச் சேர்த்தார்கள். 2016-லிருந்து ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேரும் ஏற்பாடு மாநிலத்தில் வந்திருந்தது. அட்லாண்டாவின் புறநகர்கள் மாறிக்கொண்டிருந்தன. ஐ.டி., மருத்துவத் துறைகளில் வேலை பார்க்கும் இந்திய வம்சாவளியினர் உட்பட ஆசியக் குடும்பங்கள் அங்கே பெருகியிருந்தன.

மறுபக்கம், குடியரசுக் கட்சியின் கோட்டையான கிராமப்புறக் கவுண்டிகளில் வாக்குப்பதிவு கூடுதலாகச் சரிந்தது.

முடிவு: வார்னாக் 93 ஆயிரம் ஓட்டுகள் வித்தியாசத்திலும், ஆஸாஃப் சுமார் 55 ஆயிரம் ஓட்டுகள் வித்தியாசத்திலும் வெற்றி. ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டர், முதல் யூத செனட்டர் இருவரும் ஒரே இரவில் கிடைத்தார்கள். வெள்ளையரின் மேலாதிக்கம் சரியாமல் பார்த்துக்கொள்ளப் பிறந்த விதி அது. அதே விதிதான் கிங்கின் தேவாலயத்துப் போதகரைச் செனட்டுக்கு அனுப்பியது.

முடிவுகள் முழுமையாகத் தெரியவந்த அதே ஜனவரி 6 அன்றுதான் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது.

50-50 என்றால் யார் ஜெயிப்பார்கள்?

செனட் இப்போது சரிபாதி. அமெரிக்கத் துணை அதிபர்தான் செனட்டின் தலைவர். அவருக்கு ஓட்டு கிடையாது. ஆனால் இரு பக்கமும் சமமாக இருந்தால் மட்டும் வாக்களிக்கலாம். 2021 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கமலா ஹாரிஸ், அன்றே வார்னாக்குக்கும் ஆஸாஃபுக்கும் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியிடம் வந்தது. பதவிக்காலத்தில் அவர் 33 முறை சமநிலையை உடைத்து வாக்களித்தார். அமெரிக்க வரலாற்றில் எந்தத் துணை அதிபரும் அத்தனை முறை வாக்களித்ததில்லை.

அந்த 2 இருக்கைகளால் என்ன கிடைத்தது?

• 2021 மார்ச்: 1.9 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரணச் சட்டம். செனட்டில் 50-49 என நிறைவேறியது. 1,400 டாலர் செக் வீடு வந்து சேர்ந்தது. ஏற்கெனவே வந்த 600-உடன் கூட்டினால் 2,000.

• 2022 ஏப்ரல்: கேட்டன்ஜி பிரௌன் ஜாக்சன், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியாக 53-47 என ஒப்புதல் பெற்றார். மூன்று குடியரசுக் கட்சியினரும் ஆதரித்தார்களே, அப்புறம் பெரும்பான்மை எதற்கு என்று கேட்கலாம். 2016-ல் ஒபாமா பரிந்துரைத்த மெரிக் கார்லண்டை, பெரும்பான்மையை வைத்திருந்த மெக்கானல் விசாரணைக்கே எடுக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். எதை வாக்கெடுப்புக்கு விடுவது என்று முடிவெடுக்கும் சாவிதான் பெரும்பான்மை.

• 2022 ஆகஸ்ட்: பருவநிலை, மருந்து விலை தொடர்பான பெரிய சட்டம் 51-50 என நிறைவேறியது. 51-வது ஓட்டு கமலாவுடையது. 'மெடிகேர்' காப்பீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலரைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு இதில்தான் வந்தது.

கிடைக்காதது எது?

எல்லாம் நடந்துவிடவில்லை. செனட்டில் 'ஃபிலிபஸ்டர்' என்றொரு நடைமுறை உண்டு. பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் ஆதரவு வேண்டும். வரவு செலவு சார்ந்த சில மசோதாக்களுக்கு மட்டும் விலக்கு.

வாக்குரிமையைப் பாதுகாக்கும் மசோதா ஒன்று வந்தது. ஜார்ஜியாவின் மூத்த தலைவர், மறைந்த ஜான் லூயிஸின் பெயரைத் தாங்கிய மசோதாவும் அதில் அடக்கம். 60 கிடைக்கவில்லை. 2022 ஜனவரியில் அந்த நடைமுறையைத் தளர்த்தும் முயற்சிக்குச் சொந்தக் கட்சியின் ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் ஒத்துக்கொள்ளவில்லை. மசோதா விழுந்தது.

அதாவது, மணிக்கணக்கில் வரிசையில் நின்று செனட்டை மாற்றிய மக்களால், அந்த வரிசையைச் சுருக்கும் சட்டத்தை மட்டும் பெற முடியவில்லை. 50-50 செனட்டில் ஒவ்வொரு செனட்டரும் ஒரு குட்டி அதிபர்!

அப்புறம் விதி மாறலையா?

மாறாமலா? 2021 மார்ச்சில் ஜார்ஜியா சட்டமன்றம் எஸ்.பி. 202 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. ரன்-ஆஃப் 9 வாரத்திலிருந்து 4 வாரமாகச் சுருங்கியது. தபால் ஓட்டுக்கு அடையாள எண் கட்டாயம். வாக்குச்சாவடி அருகே வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர், உணவு கொடுக்கவும் தடை.

தேர்தலின் நம்பகத்தன்மைக்காக என்றது குடியரசுக் கட்சி. 2022-ல் முன்கூட்டிய வாக்குப்பதிவு அதிகரித்ததையும் சுட்டிக்காட்டியது. கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்த சட்டம் என்றது எதிர்த்தரப்பு. எதிர்ப்பின் விளைவாக, பேஸ்பால் லீக்கின் ஆல்-ஸ்டார் ஆட்டம் அட்லாண்டாவிலிருந்து டென்வருக்குப் போனது.

எஞ்சிய காலத்துக்கு மட்டும் ஜெயித்திருந்த வார்னாக், 2022-ல் முழு 6 ஆண்டுக்கு மறுபடியும் நின்றார். எதிரே முன்னாள் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கர். வார்னாக் 49.4%, வாக்கர் 48.5%. மறுபடியும் ரன்-ஆஃப்! இந்த முறை 4 வாரம்தான்.

அதிலும் ஒரு சனிக்கிழமைச் சண்டை. விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை முன்கூட்டிய வாக்குப்பதிவு கூடாது என்றது மாநில நிர்வாகம். எந்த விடுமுறை? ஒன்று, நன்றி தெரிவித்தல் நாள். இன்னொன்று, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலப் படையின் தளபதி ராபர்ட் லீயின் பிறந்தநாள் என முன்பு அழைக்கப்பட்ட அரசு விடுமுறை. வார்னாக் தரப்பு கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. டிசம்பர் 6 அன்று 51.4% வாங்கி வார்னாக் தக்கவைத்தார். 2 ஆண்டுகளில் 4 முறை மக்கள் முன் ஓட்டுக் கேட்டு நின்றவர் அவர்.

நமக்கு இதுல என்ன இருக்கு?

அமெரிக்கச் செய்திகளில் 'செனட் தேர்தல்' என்று அடுத்த முறை பார்த்தால் 3 விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, யார் ஜெயிக்கிறார் என்பதோடு, ஜெயிக்க எத்தனை சதவீதம் வேண்டும் என்பதையும் பாருங்கள். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விதியை எழுதுவதும் மாநில சட்டமன்றம்தான்.

இரண்டு, மொத்த எண்ணிக்கை. 50-க்கும் 51-க்கும் இடையே ஒரு நாட்டின் நீதிமன்றம், மருந்து விலை, நிவாரணம் எல்லாம் இருக்கிறது. 60 என்ற இன்னொரு கோடும் இருக்கிறது.

மூன்று, மூன்றாவதாக வருபவர். அவர் வாங்கும் 2 சதவீதம் தேர்தலையே புரட்டிப்போடலாம்.

ஆஸாஃபின் 6 ஆண்டுப் பதவிக்காலம் 2027 ஜனவரியுடன் முடிகிறது. அந்த இருக்கைக்கான தேர்தல் மாதம் 2026 நவம்பர். 50% விதி அங்கே இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முதல் சுற்றில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், 4 வாரத்தில் ஜார்ஜியா மறுபடியும் வரிசையில் நிற்கும்.